உயரமான ஹேண்டில்பாரும் எட்டாத கேபிள்களும்: வீட்டில் செய்த ஒரு மாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

வண்டியும் குறையும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி, கார்புரேட்டரும் முன்சக்கரத்தில் ஒற்றை டிஸ்க் பிரேக்கும் கொண்ட, ஏபிஎஸ் இல்லாத, ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். அதன் ஹேண்டில்பார் 22 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாய். ஹேண்டிலை வண்டியோடு இறுக்கும் கிளாம்ப் பிடிக்கும் இடத்துக்கும் கிரிப் அமரும் இடத்துக்கும் இடையே உயர வேறுபாடு, அதாவது எழுச்சி, 90 மி.மீ. மட்டுமே. உரிமையாளர் சராசரியை விட நல்ல உயரம். தொடர்ந்து ஓட்டும்போது அவருக்கு இரு கைகளிலும் சுண்டுவிரலும், அதை அடுத்த மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போயின. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எந்தெந்த விரல்கள் மரத்துப்போகின்றன என்பதிலேயே காரணம் பாதி தெரிந்துவிடுகிறது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் ஒரு பாதிக்கும் உணர்வு தரும் அல்நார் நரம்பு, மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கையின் அடிப்பகுதி வழியாகச் செல்கிறது. தாழ்வான ஹேண்டிலை எட்டிப் பிடிக்க முன்னால் குனிபவர், உடலின் மேற்பாதி எடையில் ஒரு பகுதியை அந்த இடத்தின் மீதுதான் ஊன்றுகிறார். அதிர்வும் சேர்ந்தால் நரம்பு நசுங்கி மரத்துப்போகிறது. தடித்த கிரிப் போட்டும், லீவர்களைச் சற்றுக் கீழே திருப்பியும் ஓரளவு பலன் கிடைத்ததே தவிர, குறை முற்றிலும் நீங்கவில்லை. கையின் மீது விழும் எடை குறையாதவரை அது நீங்கவும் வாய்ப்பில்லை. எனவே ஹேண்டிலை உயர்த்துவது என்று முடிவாயிற்று. உரிமையாளர் வேலையைச் செய்ய, அளவு எடுப்பதிலும் சோதிப்பதிலும் நான் உடனிருந்தேன்.

எவ்வளவு உயரம், எந்த வழியில்

கடையில் கண்ணுக்குப் பிடித்த ஹேண்டிலை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்ப மற்றவற்றைத் தேடுவதுதான் பலரும் செல்லும் வழி. இங்கே வரிசை மாற்றப்பட்டது. வண்டியை இரு சக்கரத்திலும் நேராக நிறுத்தி ஒருவர் பிடித்துக்கொள்ள, உரிமையாளர் முழு எடையுடன் அமர்ந்து, கண்ணை மூடி, தோளைத் தளர்த்திக் கைகளை இயல்பாக முன்னே நீட்டினார். அந்தக் கைகளில் ஒரு நேரான குழாயைக் கொடுத்து, பழைய கிரிப்பிலிருந்து அது எவ்வளவு விலகி நிற்கிறது என்று அளந்தோம். மேலே 65 மி.மீ., பின்னால் 30 மி.மீ. என்று வந்தது.

இந்த இரண்டு எண்களையும் வைத்துப் பார்த்தால், ஹேண்டிலை மாற்றாமல் அதன் அடியில் ரைசர் என்னும் உயர்த்தும் தூணை வைத்தே காரியம் முடிந்துவிடும் போலத் தோன்றும். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்டில் கிளாம்ப், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணத்திலேயே ஏறத்தாழ சாய்ந்திருப்பதால், ரைசர் ஹேண்டிலை நேர் மேலாக உயர்த்தாமல் மேலும் பின்னுமாக நகர்த்துகிறது. சாய்வு 25 பாகை என்று கொண்டால், 30 மி.மீ. ரைசர் ஹேண்டிலை 27 மி.மீ. மேலேயும் 13 மி.மீ. பின்னேயும் கொண்டுவரும். எங்களுக்குத் தேவைப்பட்ட நிலையை எட்ட 70 மி.மீ.க்குச் சற்று மேற்பட்ட ரைசர் வேண்டியிருக்கும். ஆனால் இந்த வண்டியில் கிளாம்ப்பின் அடிப்பகுதி ரப்பர் புஷ்களில் அமர்ந்திருக்கிறது. அதன் மேல் அவ்வளவு உயரமான தூணை நிறுத்தினால், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ஹேண்டில் முன்னும் பின்னும் ஆடும். சிறிய உயர்வு போதும் என்பவருக்கு ரைசரே மலிவான, நல்ல வழி. இந்த அளவுக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து.

ஆகவே 22 மி.மீ. விட்டமும் 160 மி.மீ. எழுச்சியும் உள்ள வேறொரு இரும்பு ஹேண்டில்பார் தேர்வானது. கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் 28.6 மி.மீ. வரை தடித்து, முனைகளில் 22 மி.மீ. ஆக ஒடுங்கும் அலுமினிய ஹேண்டில்களும் சந்தையில் உண்டு. அவற்றுக்குக் கிளாம்ப்பையும் மாற்ற வேண்டும். சில குரூசர் வண்டிகளில் 25.4 மி.மீ. விட்டமுள்ள ஹேண்டில் இருக்கும். விட்டத்தை அளக்காமல் வாங்கினால் கிளாம்ப், ஸ்விட்ச், கிரிப் எதுவும் பொருந்தாது.

கேபிள்களின் கணக்கு

ஹேண்டிலை உயர்த்தும் வேலையில் ஹேண்டிலைக் கழற்றி மாட்டுவது மிகச் சிறிய பகுதி. கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டரின் இழுக்கும் கேபிளும் திருப்பும் கேபிளும், பிரேக் ஹோஸ், இருபக்க ஸ்விட்சுகளின் ஒயர்கள் என அதிலிருந்து கிளம்பும் ஒவ்வொன்றும் பழைய உயரத்துக்கு என்று அளந்து வெட்டப்பட்டவை. எவ்வளவு உயர்த்தலாம் என்பதை முடிவு செய்வது அவற்றின் நீளம்தான்.

புதிய ஹேண்டிலின் எழுச்சி பழையதை விட 70 மி.மீ. கூடுதல். மேலே 70, பின்னே 30 என்றால் நேர்கோட்டில் 76 மி.மீ. விலகல். ஆனால் கேபிள் நேர்கோட்டில் செல்வதில்லை. அதனால் ஹேண்டிலைத் தற்காலிகமாக மாட்டி, ஒவ்வொரு கேபிளின் வழியிலும் ஒரு தடித்த நூலை ஓட்டிப் பார்த்தோம். இருபக்கமும் ஹேண்டில் லாக் ஆகும்வரை திருப்பி, நூல் எந்த நிலையில் மிகவும் இறுகுகிறதோ அந்த நிலையில் அளவு எடுத்தோம். கிளட்ச் கேபிளுக்குக் கூடுதலாக 100 மி.மீ., ஆக்சிலரேட்டர் கேபிள்களுக்குத் தலா 100 மி.மீ., பிரேக் ஹோஸுக்கு 90 மி.மீ. தேவைப்பட்டன.

கேபிளைச் செய்யக் கொடுக்கும்போது வெளியுறையின் நீளத்தை மட்டும் சொல்வது போதாது. உள்ளே ஓடும் கம்பியின் நீளத்துக்கும் வெளியுறையின் நீளத்துக்கும் உள்ள வித்தியாசம் பழைய கேபிளில் எவ்வளவோ, புதியதிலும் அவ்வளவே இருக்க வேண்டும். வெளியுறையை 100 மி.மீ. நீட்டினால் உள்கம்பியையும் சரியாக 100 மி.மீ. நீட்ட வேண்டும். இதில் சில மில்லிமீட்டர் பிசகினாலும், கேபிளின் தளர்வைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் முழுவதும் திறந்தோ முழுவதும் மூடியோ நின்றுவிடும். அதன் பிறகு கேபிள் தேயத் தேய இறுக்குவதற்கு இடமிருக்காது. அட்ஜஸ்டர் நடுநிலையில் இருக்கும்போது பழைய கேபிளில் இந்த வித்தியாசத்தை அளந்து எழுதிக்கொடுத்ததால் புதியவை முதல் முறையிலேயே பொருந்தின.

நீளம் கூடினால் கிளட்ச் கடினமாகிவிடும் என்று பலரும் அஞ்சுவார்கள். கேபிளின் உராய்வை முக்கியமாக நிர்ணயிப்பது அது மொத்தமாக எத்தனை பாகை வளைகிறது என்பதுதான். நீளத்தின் பங்கு மிகக் குறைவு. பழைய வழியில் இருந்த அதே வளைவுகளுடன் நீளம் மட்டும் கூடினால் கைக்கு வேறுபாடே தெரியாது. மாறாக, கைக்குக் கிடைத்த மிக நீளமான கேபிளை வாங்கி, மிச்சத்தை ஹெட்லைட் முன்னால் ஒரு சுற்றாகத் தொங்கவிட்டால், அந்தச் சுற்றில் கூடும் வளைவு முழுவதும் லீவரில் கனமாக வந்து நிற்கும்.

கழற்றலும் பொருத்தலும்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, டேங்கின் மேல் ஈரத்துணியைத் தடிமனாக விரித்த பின்னரே ஸ்பேனர் எடுக்கப்பட்டது. பிரேக் ஆயில் பெயிண்டை அரித்துவிடும். துணி ஈரமாக இருந்தால் தெறிக்கும் துளி நீரில் கரைந்து நீர்த்துவிடும். இடப்பக்கக் கிரிப் பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தது. அதன் உதட்டை மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் சற்றே தூக்கி, உள்ளே ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டுத் திருகியதும் வெட்டாமலேயே கழன்று வந்தது.

ஸ்விட்ச் பெட்டிகளின் உட்புறத்தில் ஒரு சிறு முளை இருக்கும். அது ஹேண்டிலில் உள்ள துளையில் அமர்ந்து பெட்டி சுழலாமல் பிடித்துக்கொள்ளும். புதிய ஹேண்டிலில் அந்தத் துளை இல்லை. முளையை அரத்தால் தேய்த்துவிட்டால் வேலை எளிது. பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் வலப்பக்கப் பெட்டி ஆக்சிலரேட்டர் கேபிள்களையும் பிடித்திருக்கிறது. அது ஹேண்டிலில் சுழன்றுவிட்டால் கேபிளின் இழுப்பும் அதோடு மாறும். துளையிட்டால் குழாய் வலுவிழக்கும் என்பது மறுதரப்பு வாதம். ஹேண்டிலில் வளைக்கும் விசை உச்சமாக இருப்பது கிளாம்ப்பை ஒட்டிய இடத்தில். முனையை நெருங்க நெருங்க அது குறைந்துகொண்டே வருகிறது. முனைக்கு அருகே, வளைவுகளிலிருந்து விலகி, முளைக்குச் சற்றே பெரிய ஒரு துளை போட்டு அதன் விளிம்பை வழவழப்பாகத் தேய்ப்பதே இரண்டில் பாதுகாப்பானது என்பதில் எனக்கு ஐயமில்லை. உரிமையாளர் அமர்ந்து லீவர்களின் கோணத்தை உறுதிசெய்து, டேப்பில் குறியிட்ட பிறகே துளை போடப்பட்டது.

கிளாம்ப் போல்ட்டுகள் நான்கும் எம்8 அளவு. இந்த வகை போல்ட்டுகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இறுக்கம் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். இறுதி எண் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளதே. முன்பக்கப் போல்ட்டை முழுவதும் இறுக்கி இடைவெளியைப் பின்பக்கம் மட்டும் விடும் கிளாம்ப்பும் உண்டு. இரு பக்கமும் சம இடைவெளி விடும் கிளாம்ப்பும் உண்டு. இந்த வண்டியில் மேல்மூடியின் ஒரு பக்கத்தில் புள்ளி இருந்தது. அது முன்னோக்கி இருக்குமாறு வைத்து முன்பக்கத்தை முதலில் இறுக்குவதே முறை. ஹேண்டிலின் நடுவே சொரசொரப்பாகக் கீறப்பட்ட பகுதி இரு கிளாம்ப்புகளுக்குள்ளும் முழுமையாக அடங்கியிருக்கிறதா என்பதும் பார்க்கப்பட்டது. எழுச்சி 90 மி.மீ.இலிருந்து 160 ஆனதால், கிரிப்பில் கொடுக்கும் அதே தள்ளல் கிளாம்ப்பில் ஹேண்டிலைச் சுழற்ற முயலும் திருப்பம் ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. பழைய ஹேண்டிலைப் பிடிக்கப் போதுமாயிருந்த அரைகுறை இறுக்கம் புதியதற்குப் போதாது.

ஒயர்களில் வெட்டு வேலை மிகக் குறைவாக இருந்தது. ஹெட்லைட் கிண்ணத்துக்குள் சுருண்டிருந்த இடப்பக்கக் கட்டை அவிழ்த்ததும் தேவையான நீளம் கிடைத்துவிட்டது. வலப்பக்கத்தில் பிரேக் லைட் ஸ்விட்சின் இரு ஒயர்கள் மட்டும் எட்டவில்லை. அவற்றை நீட்டி, இணைப்புகளைக் கிண்ணத்துக்குள், வளையாத இடத்தில் கிரிம்ப் செய்து சுருங்கும் குழாய் போட்டு மூடினோம். ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் வளையும் கழுத்துப் பகுதியில் சால்டர் வைத்த இணைப்பு வந்தால், சால்டர் விறைத்து நிற்க, அதன் விளிம்பில் ஒயர் நாளடைவில் முறிந்துவிடும்.

பிரேக் ஹோஸ்

மற்றவற்றில் பிழை நேர்ந்தால் வண்டி நகராது, அல்லது எரிச்சலூட்டும். இதில் நேர்ந்தால் வண்டி நிற்காது. பழைய ரப்பர் ஹோஸுக்குப் பதிலாக, எஃகு இழைகள் பின்னிய, உள்ளே டெஃப்லான் குழாய் கொண்ட ஹோஸ் தயார்நிலையில் வாங்கப்பட்டது. நீளத்தை அளக்கும்போது ஹேண்டிலை இருபுறமும் திருப்புவது மட்டும் போதாது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஃபோர்க் முழுவதும் நீண்ட நிலையிலும் திருப்பிப் பார்க்க வேண்டும், ஏனெனில் லீவரை ஒட்டி ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்கும், சக்கரத்தருகே டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்கும் இடையே தூரம் உச்சமாவது அந்த நிலையில்தான். நின்ற வண்டியில் தாராளமாகத் தெரிந்த ஹோஸ், மேட்டில் ஏறி முன்சக்கரம் தொங்கும் கணத்தில் இழுபடலாம்.

ஹோஸின் இருமுனைகளையும் பிடிக்கும், நடுவே ஆயில் செல்லத் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டுகளுக்கு, முனையின் இருபுறமும் ஒன்றாக, மொத்தம் நான்கு செம்பு வாஷர்கள். ஒருமுறை நசுங்கியவை மீண்டும் சரியாக அடைக்காது என்பதால் நான்கும் புதியவை. மாஸ்டர் சிலிண்டரின் மூடியில் பிரேக் ஆயிலின் வகை டாட் 4 என்று இருந்ததால், சீல் உடைக்காத டப்பாவிலிருந்து அதே வகை ஆயில் ஊற்றப்பட்டது. டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய நிலையில் இந்தக் கீழ்வரம்பு 155 பாகை. திறந்து வைத்து மறந்துபோன டப்பாவைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இந்த இரு எண்களே போதும். டாட் 5 என்பது சிலிக்கான் வகை. இதோடு கலக்கக் கூடாது.

ஹோஸுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலைதான் நேரம் தின்றது. காலிப்பரில் காற்றை வெளியேற்ற உள்ள நிப்பிளில் தெளிவான குழாய் மாட்டி, லீவரை அழுத்தி, நிப்பிளைத் திறந்து மூடி, ஆயிலில் குமிழி நின்ற பிறகும் லீவர் பஞ்சு போலவே இருந்தது. ஹேண்டில் உயர்ந்ததால் ஹோஸ் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து முதலில் சற்று மேலே எழும்பிப் பிறகே கீழே இறங்கியது. அந்த மேட்டில் காற்று தங்கிவிட்டது. கீழே நோக்கி அனுப்பும் ஆயில் மெதுவாக நகரும்போது, மேலேயே இருக்க விரும்பும் குமிழியை அது இழுத்துச் செல்வதில்லை. லீவர் கிளாம்ப்பைத் தளர்த்தி, பேஞ்சோ இணைப்பு மாஸ்டர் சிலிண்டரை விடத் தாழ்ந்திருக்கும்படி சாய்த்து, ஆயில் கிண்ணத்தின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, லீவரை அதன் பயணத்தின் முதல் சில மில்லிமீட்டர் மட்டும் மெல்ல மெல்ல அசைத்ததும், கிண்ணத்தின் அடியில் உள்ள நுண்துளை வழியாகக் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன. அவை நின்றதும் லீவர் இறுகியது. அதன் பிறகு லீவரின் கோணம் சற்று மாற்றப்பட்டு, ஹோஸ் தொடக்கத்திலிருந்தே இறங்குமுகமாகச் செல்லும்படி பேஞ்சோ முனை திருப்பி வைக்கப்பட்டது.

ஏபிஎஸ் உள்ள வண்டியில் இதே வேலையை வீட்டில் செய்ய நான் சொல்லமாட்டேன். அங்கே ஹோஸ் முதலில் ஏபிஎஸ் பெட்டிக்குச் செல்கிறது. அதற்குள் காற்று புகுந்தால், பல வண்டிகளில் கணினிக் கருவியை மாட்டி உள்ளிருக்கும் வால்வுகளை இயக்காமல் அதை வெளியேற்ற முடியாது.

நின்ற இடத்தில் தெரிந்த பிழை

எல்லாம் பொருத்திய பின், வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஹேண்டிலை ஒரு லாக்கிலிருந்து மறு லாக்குக்கு மெதுவாகத் திருப்பினோம். வலப்பக்கம் திருப்பியபோது ஒலி மாறவில்லை. இடப்பக்கம் லாக்கை நெருங்கும்போது இன்ஜின் தானாக ரேஸ் ஆயிற்று. கையால் ஆக்சிலரேட்டரைத் திருப்பாமலேயே இழுக்கும் கேபிள் இழுபடுகிறது என்பதே இதன் பொருள். குறுகிய இடத்தில் வண்டியை மெதுவாகத் திருப்பும்போது இது நேர்ந்தால், ஓட்டுபவர் விரும்பாத வேளையில் வண்டி பாயும்.

கேபிள் குட்டை என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். ஆனால் நூல் வைத்து எடுத்த அளவு அதற்கு இடம் தரவில்லை. விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, ஹெட்லைட் பிராக்கெட் அருகே ஆக்சிலரேட்டர் கேபிளும் பிரேக் ஹோஸும் ஒரே பிளாஸ்டிக் டையால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. நீளம் போதுமான கேபிள் நடுவில் ஓரிடத்தில் ஆணியடித்ததுபோல் நின்றுவிட்டதால், அந்தக் கட்டுக்கு மேலிருந்த துண்டு மட்டும் திருப்பத்தின் முழு இழுப்பையும் தாங்க நேர்ந்தது. டையை வெட்டி, கேபிளை ஃபோர்க் குழாய்க்கும் ஸ்டீயரிங் கழுத்துக்கும் இடையே, தானாக வழுக்கி நகரும்படி ஒரு திறந்த வளையத்தில் விட்டதும் குறை மறைந்தது. கேபிளை வழிநடத்தும் வளையமும் அதை இறுக்கிப் பிடிக்கும் கட்டும் ஒன்றல்ல. ஹேண்டிலோடு திரும்பும் எதையும் இறுக்கிக் கட்டாமல் இருப்பதே நல்லது.

பிறகு ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகிக் கையை விட்டுப் பார்த்தோம். நேராகவும் இரு லாக்கிலும் அது சட்டென்று திரும்பியது. கிரிப்பின் விளிம்பில் ஆக்சிலரேட்டர் தளர்வு (கேபிள் இழுபடத் தொடங்கும்முன் உள்ள வெற்று அசைவு) 2 முதல் 6 மி.மீ.க்குள்ளும், கிளட்ச் லீவரின் நுனியில் தளர்வு 10 முதல் 20 மி.மீ.க்குள்ளும், அதாவது இந்த வண்டிக்குச் சொல்லப்பட்ட எல்லைக்குள், வைக்கப்பட்டன.

ஓட்டியபோது

விரல் மரத்துப்போவது நின்றுவிட்டது. மணிக்கட்டு நேராக நிற்கிறது. உள்ளங்கையின் அடிப்பகுதி இப்போது எடை தாங்குவதில்லை. அந்த எடை எங்கும் மறைந்துவிடவில்லை; முதுகின் அடிப்பகுதிக்கும் இருக்கைக்கும் இடம் மாறியிருக்கிறது. மேடுபள்ளமான சாலையில் அடி இடுப்பில் கூடுதலாக உணரப்படுவதாக உரிமையாளர் சொல்கிறார்.

ஹேண்டிலை உயர்த்தினால் முன்சக்கரம் லேசாகிவிடும் என்ற பேச்சை எண்ணால் சோதித்துப் பார்க்கலாம். உடலின் மேற்பாதி சுமார் 50 கிலோ என்றும், அது 50 மி.மீ. பின்னால் சென்றது என்றும், சக்கரங்களுக்கு இடையே 1,400 மி.மீ. என்றும் கொண்டால், முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு மாறும் எடை 2 கிலோவுக்கும் குறைவு. வண்டி நின்ற நிலையில் இது பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆனால் வேகத்தில் நிலைமை வேறு. நிமிர்ந்த மார்பில் அறையும் காற்று உயரமான இடத்தில் பின்னோக்கித் தள்ளுவதால் முன்சக்கரத்தின் சுமை மேலும் குறைகிறது. அதை எதிர்க்க ஓட்டுபவர் ஹேண்டிலைப் பற்றி இழுக்கும்போது, தம் உடலின் ஒவ்வொரு அசைவையும் ஸ்டீயரிங்குக்குள் செலுத்துகிறார். இந்த வண்டியிலும் வேகம் கூடியபோது மெல்லிய தள்ளாட்டம் உணரப்பட்டது. கையை இறுக்காமல் முழங்காலால் டேங்கைப் பிடித்துக்கொண்டதும் அது அடங்கியது. காற்று பெரிய தொல்லையாக இருப்பவருக்குச் சிறு முன்கண்ணாடி உதவும். இவர் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

சில வாரங்கள் கழித்துக் கிளாம்ப் போல்ட்டுகளை இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் மீண்டும் பார்த்தபோது ஒன்றின் இறுக்கம் சிறிது குறைந்திருந்தது. புதிய கிளட்ச் கேபிளும் தொடக்கத்தில் சற்று அமர்ந்துகொண்டதால் தளர்வு கூடியிருந்தது. அட்ஜஸ்டரில் ஓரிரு சுற்றில் சரியாயிற்று. ஹோஸும் கேபிள்களும் எங்கெங்கே உரசக்கூடும் என்று தோன்றியதோ அங்கெல்லாம் பொருத்தும்போதே காகித டேப் ஒட்டி வைத்திருந்தோம். மற்ற இடங்களில் டேப் அப்படியே இருக்க, ஹெட்லைட் பிராக்கெட்டின் விளிம்பில் மட்டும் பிரேக் ஹோஸ் அதை நூல்நூலாகத் தேய்த்திருந்தது. எஃகு இழை பின்னிய ஹோஸ் தான் தேய்வதற்கு முன் எதிரே உள்ளதைத்தான் அறுக்கும். அங்கே அருகிலேயே ஒயர்க் கட்டும் செல்கிறது. ஹோஸின் மேல் பிளாஸ்டிக் உறை ஒன்றைச் சுற்றி, அதை விளிம்பிலிருந்து விலக்கி நிறுத்தும் ரப்பர் பூசிய கிளிப் ஒன்றை, ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கும் கீழ் கிளாம்ப்பில் பொருத்தி, மீண்டும் அதே இடத்தில் புதிய டேப் ஒட்டப்பட்டது. அடுத்த முறை ஆயில் மாற்றியபோது பார்த்ததில் அதில் கீறல் இல்லை.